கால்நூலை அறுத்தது நான்தான்

மாஸ்கோ நகரத்தில் பதினேழு மாடிக் கட்டடங்களின் குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் என் மகன் ஜெனிஷ்பெக்குக்கு, உன்னைப் பெற்றவள் அனார்குல் ஏரிக்கரையிலிருந்து எழுதுவது. ஆண்டவன் கருணையால் நான் நலம், உன் மனைவி ஐஜார்கின் நலம், உன் மகன் ஆக்தான் நலம், பசு நலம், ஒன்பது கோழிகளில் எட்டு நலம், ஒன்பதாவதை உன் மகன் சூப்பாகக் குடித்தான், முன்பே எழுதியபடி அவனும் நலம். என் வலது முட்டி மட்டும் நலமில்லை. உன் நலத்தை நீ போனில் சொன்னாய். ஆனால் நீ எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேம்மா" என்றுதான் சொல்கிறாய், உன் அப்பாவும் சாவதற்கு முந்தின நாள் அதையேதான் சொன்னார், ஆகையால் நான் நம்பவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் மனைவி கையில் இருக்கிறது. நான் அதில் ஒரு வார்த்தை பேசினால் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் கீழ்த்தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஐஜார்கின் தங்கமான பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவளைப் பெற்றவள் கீழ்த்தெருப் புருல்கான் என்பதைத் தவிர. உன் சித்தப்பா தொக்தொசுனின் மருமகன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான், அவனிடம் இதையும், ஒரு பை உலர்ந்த ஆப்ரிகாட்டும், உப்புத் தயிர் உருண்டைகளும், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் கொடுத்து அனுப்புகிறேன். உருண்டைகளை எண்ணி முடிச்சுப் போட்டிருக்கிறேன், நாற்பது இருக்க வேண்டும், அவன் சின்ன வயதிலேயே என் கொடியில் காய்ந்ததைத் தின்றவன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமியார் உனக்குப் போன் போட்டு, "உங்கம்மா பந்தயத்துல ஏமாத்திட்டாங்க மாப்ள, அறுத்த நூலு செல்லாது, புது வருஷத்துக்கு நீங்க வரும்போது மறுபடி கட்டி மறுபடி அறுக்கணும்" என்று சொல்லியிருப்பாள். வார்த்தை மாறாமல் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், இதையே அவள் ரொட்டிக் கடையிலும் சொன்னாள், மினிபஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தும் சொன்னாள், பால் ஊற்றும் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்றும் சொன்னாள். பிள்ளையின் தகப்பன் நீ. உன் வாயிலிருந்து சரி என்று வராமல் யாரும் மறுபடி அவன் காலைக் கட்ட முடியாது. ஆகையால் சரி என்று சொல்லிவிடாதே. நடந்ததை முழுவதும் படி, படித்துவிட்டு இல்லை என்று சொல்.

ஏழு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாய், நம் வழக்கமெல்லாம் பாதி மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். பிள்ளை சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்ததும் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் அவன் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டி, விரிப்பில் நிறுத்தி, தூரத்திலிருந்து பந்தயம் விடுவோம். மற்ற ஊர்களில் சின்னப் பிள்ளைகளை ஓடவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் கடைசிப் பந்தயம் பாட்டிகளுடையது. அதில் முந்துகிறவள்தான் கத்தியை வாங்கி நூலை அறுப்பாள், அறுத்தவளின் நடை பிள்ளைக்கு வரும். பதினெட்டு வருடத்தில் நான் பதினான்கு பிள்ளைகளுக்கு அறுத்திருக்கிறேன். பதினான்கும் நேராக நடக்கின்றன. ஒருவன் எல்லைப் படையில் இருக்கிறான், ஒருத்தி கரகோல் டவுனில் தபால் கொடுக்கிறாள், ஒருத்தி மட்டும் நேராக நடந்து அடுத்த ஊர்க்காரனோடு போய்விட்டாள், அதற்குக் காலைக் குறை சொல்ல முடியாது. புருல்கான் அறுத்தது மூன்று. அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் உள்பக்கம் திரும்பி ஒன்றோடொன்று ரகசியம் பேசிக்கொண்டுதான் நடக்கும். அவள் ஒரு வாத்துக்கு அறுத்திருந்தால் வாத்துகூடக் கோணலாகியிருக்கும். இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஊருக்கு முதலில் சொன்னது நான், அவ்வளவுதான்.

அவள்மேல் எனக்கு வஞ்சம் என்று நீ நினைக்காதே. உன் கல்யாணத்தில், செப்டம்பர் ஒன்பதாம் தேதி மத்தியானம், ஆட்டுக்கறி பரிமாறும்போது மாப்பிள்ளையைப் பெற்றவள் முன்னால் வால் எலும்புத் துண்டை வைக்க வேண்டும் என்பது தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவள் என் முன்னால் விலா எலும்பை வைத்தாள். விலா! எங்கிருந்தோ வழிதவறி வந்த மினிபஸ் டிரைவருக்கு வைப்பதுபோல. நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த எலும்பில் எத்தனை கடி இருந்தது என்று கேட்டால் சொல்வேன், அது வேறு.

இனி முட்டி. பள்ளிக்கூடத்தில் ஆறு வருடத்தில் எனக்கு வந்த ஒரே பாடம் ஓட்டம் என்பது உனக்குத் தெரியும். தினமும் காலையில் கன்றுக்குட்டியை மேட்டுக்கு விரட்டிக்கொண்டு ஓடுவேன், திரும்பும்போது அது என்னை விரட்டிக்கொண்டு ஓடி வரும். இந்த வருடம் மே பத்தொன்பதாம் தேதி, தொக்தொசுனின் பேத்திக்கு நூல் அறுக்கும் விழா. ஏழு பாட்டிகள் ஓடினோம். நான் பத்தடி முன்னால் இருந்தேன். ஆப்ரிகாட் கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. பந்தய நேரத்தில் யாரடா கொட்டை உடைக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் நான் தரையில் இருக்கிறேன். ஆறு பாட்டிகளும் என்னைக் கடந்து போனார்கள். ஐந்து பேர் வாயைத் திறக்கவில்லை. புருல்கான் மட்டும் திரும்பி, "பாத்து வாங்க சம்பந்தியம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். சொல்லிவிட்டுப் போய் அந்தப் பிள்ளைக்கு நூலையும் அறுத்தாள். இப்போது அந்தப் பேத்தியைப் போய்ப் பார், வீட்டு வாசற்படி நேராக இருக்கிறது, அவள் அதில் குறுக்காக இறங்குகிறாள்.

ஆட்டைச் சுடச்சுட உரித்த தோலை முட்டியில் கட்டினால் மூன்று நாளில் சரியாகும் என்றான் தொக்தொசுன். கட்டினேன். மூன்று நாளும் தெரு நாய்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, என்னை மனுஷி என்று நினைக்காமல் கறி என்று மதித்துக் காத்துக்கிடந்தன. நான்காம் நாள் ஐஜார்கின் என்னைக் கரகோலுக்கு மினிபஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கே மீரிம் என்று ஒரு டாக்டர். இரட்டைப் பின்னல் போட்டால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடலாம், அவ்வளவுதான் வயது. படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற சவ்வு தேஞ்சுபோச்சு பாட்டி. கொஞ்சம் கிழிஞ்சும் இருக்கு. இனிமே ஓடக்கூடாது."

"எதுவரைக்கும்?"

"இனிமே."

"அக்டோபர்ல என் பேரனுக்கு நூல் அறுக்கணும். அதுக்குள்ள சரியாயிருமா?"

"பாட்டி, இனிமேன்னா இனிமேதான். அதுக்காக மூலையில உக்காரவும் கூடாது. உக்காந்தா இன்னும் பூட்டிக்கும். முட்டிக்கு அடி விழாத மாதிரி ஏதாவது பண்ணுங்க. கம்பு ஊணி நடங்க. சைக்கிள் ஓட்டுங்க. பக்கத்துலயே ஏரி இருக்கு, நீந்துங்க."

"உங்கம்மா எந்த ஊரு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரு பொம்பளைகிட்ட இனிமே ஓடாதன்னு சொல்ற பொண்ண யாரு பெத்ததுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

சிரித்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை. மறுநாள் காலையில் கன்று மேட்டுக்குத் தானாக ஓடியது. பாதி வழியில் நின்று, பின்னால் யாரும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெனிஷ், விழாக்களில் வயதானவர்களை உள்ளே உட்காரவைத்து முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்பார்கள் அல்லவா, ஒன்று வைத்தால் மரியாதை, மூன்று வைத்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆக்தானின் விழாவில் எனக்கு மூன்று வைப்பார்கள், நான் அதில் சாய்ந்துகொண்டு, உன் பிள்ளையின் காலைப் புருல்கான் அவிழ்ப்பதைப் பார்த்துக் கை தட்ட வேண்டும். ஆகையால் அந்த டாக்டர் சொன்ன மூன்றையும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் கம்பு. பாலத்துப் பக்கத்து வீட்டு வாலென்தினாவைத் தெரியுமே, உனக்குப் பூகோளம் எடுத்தவள், எட்டாம் வகுப்புப் பரீட்சையில் உன்னை ஃபெயில் ஆக்கியவள், அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் பனிச்சறுக்குக் கம்பு அவளிடம்தான் இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு ஜூன் மாதம் முதல் தேதி தெருவில் இறங்கினேன். தொக்தொசுன் தன் வாசலிலிருந்தே ஆரம்பித்தான்.

"அண்ணி, பனி உருகி ரெண்டு மாசம் ஆச்சு, உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க கொழுந்தனாரே. அடுத்த பனிக்கு இப்பவே இடம் புடிக்கப் போறேன்."

நடந்தது என்னவோ நன்றாகத்தான் நடந்தது, பாதி கனம் கைக்குப் போய்விடுகிறது, முட்டி முணுமுணுத்ததே தவிரக் கத்தவில்லை. ஆனால் புதன்கிழமை பாலத்தின் பலகை இடுக்கில் வலது கம்பு மாட்டிக்கொண்டது, நான் இழுத்தேன், அது வரவில்லை, இன்னும் இழுத்தேன், வந்தது, தனியாக வரவில்லை, பலகையையும் கூட்டிக்கொண்டு வந்தது, அந்த ஓட்டையில் பின்னால் வந்த தொக்தொசுனின் கழுதை வண்டிச் சக்கரம் இறங்கியது, வண்டியிலிருந்த தர்பூசணிகள் ஒவ்வொன்றாக ஆற்றில் குதித்தன, கழுதை மட்டும் அசையாமல் நின்று என்னையே பார்த்தது. அதன் பிறகு பாலம் சரியாகும்வரை கம்பைத் தூக்கக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்காமலே கை தூக்கி முடிவு செய்தார்கள். யார் யார் கை தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது சைக்கிள். உன் அப்பாவின் சைக்கிள் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது. செயின் இருந்தது, மணி இருந்தது, பிரேக் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை, உன் அப்பா எதையும் நிறுத்தத் தெரியாதவர் என்பதை நான் நினைத்திருக்க வேண்டும். ஐஜார்கின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள், "விட்றாதடி, விட்றாதடி" என்றேன், "விட்டுப் பத்து நிமிஷமாச்சு அத்தை" என்று எங்கோ தூரத்திலிருந்து குரல் கேட்டது. மகனே, எழுதினால் நம்ப மாட்டாய், சமதரையில் காற்று முகத்தில் அடித்தபோது ஓடுவதைப் போலவே இருந்தது. தலைத்துணி பறந்தது, நான் விட்டுவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கீழ்த்தெருவுக்கு இறக்கம் தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டேன். அது ஜூலை மாதம், வீட்டுக்கு வீடு ஆப்ரிகாட் பிளந்து காயப்போட்டிருந்தார்கள். இறக்கத்தின் முடிவில் ஒரு வாசல் திறந்திருந்தது. அது யாருடைய வாசல் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆறு விரிப்பு ஆப்ரிகாட். ஆறிலும் ஏறி இறங்கி, கோழிக்கூண்டில் போய் நின்றேன்.

"கண்ணு தெரியலையா சம்பந்தியம்மா?"

"கண்ணு தெரிஞ்சுது. பிரேக்குதான் தெரியல."

"வேணும்னே பண்றீங்க! ரெண்டு வாரம் காஞ்சது!"

"வேணும்னு பண்ணியிருந்தா திரும்பி வந்து இன்னொரு தடவ ஓட்டியிருப்பேன்."

இதில் என் தப்பு என்ன என்று நீயே சொல். இருந்தாலும் மறுநாள் ஒரு கூடை நம் வீட்டு ஆப்ரிகாட்டை ஐஜார்கினிடம் கொடுத்தனுப்பினேன். அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. சைக்கிளின் முன்சக்கரம் பிரெட்சல் ரொட்டிபோல முறுக்கிக்கொண்டது, அதோடு அதுவும் முடிந்தது.

மிச்சம் இருந்தது ஏரி. இஸிக்குல் கரையில் அறுபத்தேழு வருடம் வாழ்ந்திருக்கிறேன், அதில் மீன் பிடித்திருக்கிறேன், கம்பளம் துவைத்திருக்கிறேன், முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. நீந்துவது விடுமுறைக்கு வருகிறவர்களின் வேலை என்றுதான் நம் சனங்கள் எல்லோரும் நினைக்கிறோம். வாலென்தினா மட்டும் பனி விழும்வரை தினமும் நீந்துவாள். எழுபத்திரண்டு வயது, முட்டி இரண்டும் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே போனவை. "கூட்டிட்டுப் போ" என்றேன். பழைய படகுத்துறையில் இருவரும் இறங்கினோம், அவள் நீச்சலுடையில், நான் நீள உள்பாவாடையில்.

"மல்லாந்து படு அனார். தண்ணி உன்னத் தூக்கும். நீ ஒண்ணும் பண்ணாத."

நான் முழுகினேன்.

"ஒண்ணும் பண்ணாதன்னு சொன்னேன்ல? சும்மா இருக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அதான் முழுகுற."

இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் எனக்கே தெரியாமல் மிதந்தேன். அதைப் பார்த்துத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருந்த ஒரு தொப்பைக்காரர், மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தவர், கரையில் கதிரை வீசிவிட்டு, கிழவி செத்து மிதக்கிறாள் என்று கத்திக்கொண்டே பாய்ந்து வந்து என் பின்னலைப் பிடித்து இழுத்துப்போய் மணலில் கவிழ்த்து முதுகில் குத்தினார். "உயிர் இருக்கு, உயிர் இருக்கு" என்று அவர் சந்தோஷப்பட்டபோது நான் அவர் கையைக் கடித்தேன். இதுதான் நான் மனிதரைக் கடித்த கதை, கீழ்த்தெருவிலிருந்து வேறு மாதிரி வந்தால் நம்பாதே. ஆனால் ஜெனிஷ், அந்தப் பத்தாம் நாளை நான் மறக்க மாட்டேன். காது தண்ணீருக்குள், கண் வானத்தில், மலைமேல் பனி. மே மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக எனக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. கையை அசைத்தேன், போனேன். காலை அசைத்தேன், இன்னும் போனேன். யாருக்கும் பின்னால் நான் இல்லை. செப்டம்பர் முடிவதற்குள் படகுத்துறையிலிருந்து எதிர்முனைக்கு நேராக நீந்திப் போய், ஒரு மூச்சு நின்று, திரும்பி வரத் தெரிந்துகொண்டேன். வாலென்தினா, "பூகோளத்துல உன் மகன விட நீ தேவலாம்" என்றாள். அதையும் மறக்கவில்லை.

அந்த இடம் உனக்குத் தெரியும். கரை அங்கே குதிரை லாடம்போல வளைந்திருக்கும். ஒரு முனையில் பழைய படகுத்துறை, எதிர்முனையில் பாப்ளர் மரங்கள். கரையோடு சுற்றிப் போனால் முந்நூறு அடிக்கும் மேலே, அதுவும் கால் புதையும் மணல். நேராகத் தண்ணீரில் போனால் எழுபது அடிதான். விழாவை நடத்துவது தொக்தொசுன் என்று முடிவானதும், "விரிப்பைப் பாப்ளர் மரத்தடியில போடுங்க, படகுத்துறையிலேருந்து ஓட விடுங்க, காத்து நல்லா வரும்" என்று நான்தான் சொன்னேன். அக்டோபர் மாதத்தில் எதற்குக் காற்று என்று அவன் கேட்கவில்லை. அவன் சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்காத நல்ல பிள்ளை.

அக்டோபர் முதல் ஞாயிறு. நூற்று இருபது பேர். உன் பிள்ளைக்குச் சின்ன வெள்ளைத் தொப்பி வைத்து, கால் கட்டி, விரிப்பில் ஐஜார்கின் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத் தலையணை மூன்று தயாராக இருந்தது, நான் எண்ணிவிட்டேன். தொக்தொசுன் கையைத் தூக்கி, "கேளுங்கம்மா, துறையிலேருந்து கிளம்பணும். மொதல்ல வந்து என் கையிலேருந்து கத்திய வாங்கறவங்க அறுக்கலாம். அவ்வளவுதான் சட்டம்" என்றான். ஐந்து பாட்டிகள் வரிசையில் நின்றார்கள். ஆறாவதாக நான் போய் நின்றேன்.

"நீங்க எதுக்கு இங்க, சம்பந்தியம்மா? உள்ள போய் உக்காருங்க. டாக்டரு என்ன சொன்னாங்க?" என்றாள் புருல்கான்.

"ஓடாதன்னு சொன்னா. நிக்காதன்னு சொல்லல."

தொக்தொசுன் துணியை வீசினான். ஐந்து பேரும் இடது பக்கம் திரும்பிக் கரையோடு ஓடினார்கள். நான் வெல்வெட் மேலாடையைக் கழற்றி, மடித்து, துறையில் வைத்தேன். மடிக்க நேரம் இல்லைதான், ஆனால் அது நல்ல வெல்வெட். பிறகு நேராக இறங்கினேன். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது உன்னைப் பெற்ற நாள் ஞாபகம் வந்தது. கரையில் ஒரே கூச்சல். "அண்ணி மனசொடைஞ்சு ஏரியில விழறாங்க, புடிங்கப்பா!" என்று தொக்தொசுன் அலறினான். "யாரும் தொடாதீங்க! மூச்சு விடு அனார், மூச்ச விடு!" என்று வாலென்தினா அவனைவிடப் பெரிதாக அலறினாள். நான் மூச்சு விட்டேன், கை வீசினேன், இடது பக்கத்தில் மணலில் பாட்டிகள் புதைந்து புதைந்து ஓடுவது தெரிந்தது, முன்னால் புருல்கான், விரல்கள் உள்ளே திரும்பி, ஆனாலும் என்ன வேகம், இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், நல்ல வேகம். எனக்குக் குளிர் எலும்புக்குள் போனது. பாதியில் ஒரு முறை, போதும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அப்போது விரிப்பில் உன் பிள்ளையின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. காலடியில் கல் தட்டியபோது அவள் இன்னும் பதினைந்து அடி பின்னால் இருந்தாள். எழுந்து நடந்தேன். ஓடவில்லை, டாக்டர் பேச்சை நான் மீறவில்லை. தொக்தொசுன் வாயைத் திறந்தபடி கத்தியை நீட்டினான். வாங்கினேன், குனிந்தேன், அறுத்தேன். ஊரே "ஓமின், அப்படியே ஆகட்டும்" என்றது.

அதன் பிறகுதான் புருல்கான் ஆரம்பித்தாள். "ஓட்டப் பந்தயம்னா ஓடணும்! இது என்ன, மீன் பந்தயமா? நாங்கல்லாம் மணல்ல சாகறோம், இவங்க சொகுசா மிதந்து வர்றாங்க!"

"சொகுசா? இறங்கிப் பாருங்க சம்பந்தியம்மா, சொகுசு எத்தன டிகிரின்னு தெரியும்."

தொக்தொசுன் தலையைச் சொறிந்துவிட்டு, "யாரு மொதல்ல வந்தாங்கன்னுதான் நான் பாத்தேன். எந்த வழியா வரணும்னு நான் சொல்லல. எனக்குத் தெரிஞ்சு ஏரியில வழி இருக்குன்னே யாருக்கும் தெரியாது" என்றான். எனக்குப் பரிசாக ஆடும் சால்வையும் கொடுத்தார்கள், ஆடு நலம்.

ஆகவே இதுதான் நடந்தது. நூலை அறுத்தது நான்தான், என் கையால்தான், நான் ஒருத்திதான். மூன்றாம் நாளே உன் பிள்ளை நடந்துவிட்டான், கன்றுக்குட்டிபோல நேராக. அறுத்த நூலை மறுபடி கட்டினால் பிள்ளையின் பாதையில் முடிச்சு விழும் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னதில் நான் ஒப்புக்கொண்ட ஒரே பேச்சு அதுதான். உன் மாமியார் மறுபடி போன் பண்ணினால் மரியாதையாகக் கேட்டுக்கொள், பிறகு மரியாதையாக இல்லை என்று சொல். அதோடு என் முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. ஓட்டம் போனால் போகட்டும். காலையில் நான் துறைக்குப் போகும்போது இப்போது கன்றும் கூடவே வந்து கரையில் நிற்கிறது.

உயரத்தில் நின்று வேலை செய்யாதே, செய்தால் கயிறு கட்டிக்கொள், காலுறையைப் போடு, எடுத்து வைக்காதே. உன் பாதை வெள்ளையாக இருக்கட்டும், உன் தட்டு காலியாகாமல் இருக்கட்டும், உன் பெயர் சொல்ல உன் பிள்ளை நூறு வருடம் நடக்கட்டும். ஓமின்.

இப்படிக்கு, உன் மூக்கைப் பார்த்து இது தன் வீட்டு மூக்கு என்று முதலில் சொன்ன உன் அம்மா,
அனார்குல்.

பின்குறிப்பு: தொக்தொசுனின் மருமகனின் விமானம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போய்விட்டது. கடிதம் இரண்டு நாளாக மாவு டப்பாவின் மேல் கிடக்கிறது, ரொட்டி சுடும்போதெல்லாம் என்னையே பார்க்கிறது. மேலே எழுதியதில் ஓர் இடம் சரியில்லை. வாங்கினேன், குனிந்தேன் என்பது சரி. என் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன. கத்தி கையில் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. ஈரத்தோடு நான் குனிந்ததைப் பார்த்து ஆக்தான் வீறிட்டு உதைத்தான், கத்தி முனை அவன் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஆடியது. என்னால் அறுக்கவும் முடியவில்லை, கத்தியை விடவும் முடியவில்லை. அப்போது புருல்கான் வந்து சேர்ந்தாள். பக்கத்தில் மண்டியிட்டுத் தன் சால்வையை என்மேல் போட்டாள். குளிருக்குப் போடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதன் அடியில் என் கையைத் தன் கையால் பொத்தி, "ஆடாதீங்க, நான் புடிச்சிருக்கேன்" என்று என் காதில் மட்டும் சொன்னாள். நூல் அறுந்தது. அழுத்தியது அவள். கை மட்டும் என்னுடையது. அதற்குப் பிறகு எழுந்து நின்றுதான் மீன் பந்தயம் என்று கத்தினாள்.

இதை ஊருக்குச் சொல்வாள் என்று இரண்டு வாரமாகக் காத்திருக்கிறேன். ரொட்டிக் கடையில் சொல்லவில்லை, மினிபஸ்ஸில் சொல்லவில்லை. ஏமாற்றுக்காரி என்றாள், மீன் என்றாள், தவளை என்றுகூடச் சொன்னாளாம், இதை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே பேச்சில் ஜெயித்திருப்பாள். இப்படிப்பட்டவளோடு ஒருத்தி எப்படி நிம்மதியாகப் பகை வைத்துக்கொள்வது?

பிள்ளை நேராக நடக்கிறான் என்று எழுதியதும் பாதிதான். வலது காலை நேராக வைக்கிறான். இடது கால் உள்ளே திரும்புகிறது. இன்று காலை பதினோரு அடி நடந்தான், நான் கூடவே எண்ணினேன், ஒரு முறைகூட விழவில்லை. ஆகவே மறுபடி கட்ட வேண்டியதில்லை, அவள் பங்கு அவளுக்கு வந்துவிட்டது என்று அவளிடம் சொல். வேண்டாம், அப்படிச் சொல்லாதே, நான் எழுதினேன் என்று தெரிந்துவிடும். வேறு ஒன்று சொல். அவள் மண்டியிட்டபோது இரண்டு முட்டியும் சத்தம் போட்டன, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எழும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். நீ மாப்பிள்ளை, நீ சொன்னால் கேட்பாள். கரகோலில் மீரிம் என்று ஒரு டாக்டர் இருக்கிறாள், போய்ப் பாருங்கள், இனிமேல் ஓடாதீர்கள் அத்தை என்று நீயாகவே சொல்வதுபோல் சொல். நானும் வாலென்தினாவும் காலை எட்டு மணிக்குத் துறையில் இறங்குகிறோம் என்பதையும் பேச்சோடு பேச்சாகப் போட்டுவை. வந்தால் மிச்சச் சண்டையைத் தண்ணீரில் நின்றே போட்டுக்கொள்கிறோம். அங்கே முட்டி வலிக்காது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.